யாரும் கொடுக்காத நோய்

மாதவிலக்கு நின்றபோது எனக்கு வயது நாற்பத்தொன்பது. நின்றுவிட்டது என்று தெரிந்துகொள்ளவே ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மாதம் வராது, மூன்றாம் மாதம் எட்டிப் பார்க்கும், பிறகு ஐந்து மாதம் வராது. முழுதாகப் பன்னிரண்டு மாதம் கடந்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில், மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அந்தப் பள்ளியில் கழிப்பறை கிடையாது. மாதத்தில் நாலு நாள் துணி மாற்ற ஓடைப் பக்கம் மறைவிடம் தேடிப் போன கஷ்டம் ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு உடம்பில் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. என் அம்மாவும் சொல்லவில்லை. ஆசிரியர் பயிற்சியில் உடற்கூறு நடத்தியவர்கள் இதயத்தையும் நுரையீரலையும் படம் வரையச் சொன்னார்கள். இதைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. எழுபதுகளின் கடைசியில் நான் பட்ட பாட்டை இன்று எழுத உட்கார்ந்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூச்சத்தால்தான் என் குடும்பம் உடைய இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

என் கணவர் முனிரத்தினம் புளி வியாபாரி. மலை கிராமங்களில் புளி, கடுக்காய், தேன் வாங்கி ஆலங்காயத்தில் ஒரு கிடங்கில் சேர்த்து வாணியம்பாடி மண்டிக்கு அனுப்புவார். வாரத்தில் மூன்று நாள் அங்கே தங்குவார். மீதி நாள் மலையில் என்னோடு. ஒரே மகள் மல்லிகாவைக் கணியம்பாடியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அடிவாரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த இரண்டு பேர், மலையில் வேலையும் வியாபாரமும் பார்த்துக்கொண்டு, பெரிய சண்டை சச்சரவு இல்லாமல் இருபத்தேழு வருடம் வாழ்ந்திருந்தோம்.

முதலில் வந்தது எரிச்சல்தான். கொஞ்ச தூரம் நடந்தாலே பாவாடை உரசும் இடமெல்லாம் மிளகாய் பட்டதுபோல் எரியும். நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். பிறகு நீர்க்கடுப்பு. அரை மணிக்கு ஒருமுறை போக வேண்டும்போல் முட்டும். போனால் சொட்டுச் சொட்டாக, உயிர் போகிற கடுப்போடு இறங்கும். மாதம் ஒருமுறை மலைக்கு வரும் நர்ஸம்மாவிடம் நீர்க்கடுப்பு என்று மட்டும் சொன்னேன். மாத்திரை கொடுத்தாள். பத்து நாள் கேட்டது. மறுபடி வந்தது. மறுபடி மாத்திரை. இப்படியே நாலைந்து தடவை.

பள்ளியில் சமையல் செய்த அம்மாளுக்கு என் நடையைப் பார்த்தே ஏதோ புரிந்துவிட்டது.

"அது சூடு டீச்சர். இந்த வயசுல சூடு கீழ எறங்கும். படிகாரத்தக் கரைச்சி அலம்பிக்கினு வாங்க, செத்த நாள்ல சரியாப்பூடும்" என்றாள்.

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். காலையும் மாலையும் படிகாரத் தண்ணீரில் கழுவினேன். கழுவிய ஐந்து நிமிடம் இறுகி, மரத்து, சுகமாக இருக்கும். பிறகு முன்னைவிட அதிகமாக எரியும். அதிகமாக எரிந்ததால் அதிகமாகப் படிகாரம் போட்டேன். போதாதென்று சோப்பு வேறு.

எழுதக் கஷ்டமான பகுதி இது. அவர் மலைக்கு வரும் நாட்களில் எங்களுக்குள் இருந்த தாம்பத்தியம் எனக்குத் தண்டனையாக மாறியது. உள்ளே கண்ணாடித் தூள் தூவி வைத்ததுபோல் வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை பொறுத்தேன். பிறகு சாக்குச் சொல்ல ஆரம்பித்தேன். தலைவலி, அசதி, பரீட்சைத் தாள் திருத்த வேண்டும். பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

"நான் இன்னா தப்பு பண்ணேன் சரோஜா? சொன்னாதானே தெரியும்?" என்று அவர் ஒருநாள் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. ஒடம்பு முடியல" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அந்த இடத்துக்கு நாங்கள் பேசுகிற தமிழில் கெட்ட வார்த்தையைத் தவிர வேறு பெயரே இருக்கவில்லை.

கடைசியாக ஒருமுறை, அவர் மனம் கோணக் கூடாதே என்று ஒப்புக்கொண்டபோது, துணியில் ரத்தம் பட்டது. என்னைவிட அவர்தான் பயந்துபோனார். மறுநாளே, "வா, டாக்டருகிட்ட போய்ட்டு வந்துர்லாம்" என்று என்னைக் காட்டுப்பாதையில் கீழே கூட்டிக்கொண்டு போனார். அதைப் பிறகு எத்தனை தடவை நினைத்துக்கொண்டேன். கூட்டிக்கொண்டு போனதே அவர்தான்.

அடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு தனியார் டாக்டர். ஊரின் பெயர் வேண்டாம். உள்ளே மேஜை, ஒரு பக்கம் ஊசி கொதிக்கும் பாத்திரம், அதன் பக்கத்தில் கம்பவுண்டர். கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் என் கணவரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் என்னைப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. எரிச்சல், ரத்தம் என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டுக்காரர் என்ன வேலை?"

"புளி வியாபாரம்ங்க."

"வெளியூர்ல தங்குவாரா?"

"வாரத்துல மூணு நாளு."

அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "அப்புறம் என்ன. இது மேகம். அவர் எங்கயோ வாங்கிட்டு வந்து உங்களுக்குக் கொடுத்திருக்கார். ரெண்டு பேரும் பென்சிலின் போட்டுக்கணும். ஒருத்தர் மட்டும் போட்டா நிக்காது" என்று உரக்கவே சொன்னார்.

மேகம் என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. கெட்ட சகவாசத்தால் வரும் நோய். கம்பவுண்டர் தலையைத் தூக்கி முதலில் என்னையும், பிறகு கதவு வழியாக என் கணவரையும் பார்த்தான்.

மலை ஏறும் வழி முழுவதும் நான் பத்தடி முன்னால் நடந்தேன். அவர் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"யாருங்க அவ?"

"எவ?"

"நாடகம் ஆடாதீங்க. மூணு நாளு அங்க இன்னா பண்றீங்கன்னு இப்பதான் எனுக்குத் தெரியுது."

"மல்லிகா மேல சத்தியமா சொல்றேன் சரோஜா, எவளும் இல்ல. கெடங்குல புளி மூட்ட மேல படுத்துக் கெடக்கறேன். வேணும்னா வந்து பாரு."

"அப்ப எனுக்கு எப்டி வந்துது? வானத்துலர்ந்து வுழுந்துதா?"

"தெரியல. அந்தாளு தப்பாகூட சொல்லியிருக்கலாம்."

"படிச்ச டாக்டரு தப்பா சொல்றாரு, நீங்க சரியா சொல்றீங்க. அப்டிதானே?"

நாலாவது வரையில்தான் அவர் படித்திருந்தார். அது அவருக்கு எவ்வளவு உறைத்திருக்கும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் ஊசி போட்டுக்கொண்டார். தினம் ஒன்றாக ஆறு நாள். தெரிந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெஞ்சைத் தாண்டிப் போய், அந்தக் கம்பவுண்டரிடமே போட்டுக்கொண்டார். தப்புச் செய்யாதவன் எதற்காக ஊசிக்குக் கையை நீட்ட வேண்டும்? அதுவே ஒப்புதல் வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டேன். நானும் போட்டுக்கொண்டேன். இடுப்பு வீங்கியதுதான் மிச்சம். எரிச்சல் எள்ளளவும் குறையவில்லை. நோய் அவ்வளவு முற்றிவிட்டது என்று அதற்கும் அவரையே சபித்தேன்.

"இனிமே மலைக்கு வராதீங்க" என்றேன். "பாத்தா எரியுது எனுக்கு."

அவர் தன் இரண்டு வேட்டியையும் சட்டையையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். சம்பளம் வரும்வரைக்கும் ஆகட்டும் என்று அரிசியும் பருப்பும் மட்டும் ஆள் மூலம் அனுப்பிக்கொண்டிருந்தார். திருப்பி அனுப்பினேன்.

அதன் பிறகு ஏழு மாதம் நான் வாழ்ந்ததை வாழ்க்கை என்று சொல்ல முடியாது. பகலில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பேன். மணி அடித்ததும் வீட்டுக்குள் போய்ப் படிகாரத் தண்ணீரில் உட்காருவேன். சிறுநீர் கழிக்கப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன், கடுப்பு அதிகமாயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. ரவிக்கைகள் தோளிலிருந்து நழுவின. அசிங்கமான நோய் பிடித்தவள் என்ற எண்ணம் என்னை விடவேயில்லை. பிள்ளைகள் என் கையைப் பிடித்தால் உதறிக்கொள்வேன், அவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று. எட்டு வயதுப் பெண் ஒருத்தி, "டீச்சருக்கு எம்மேல கோவமா?" என்று கேட்டு அழுதாள்.

ஒருநாள் கரும்பலகையில் கணக்கு எழுதிவிட்டுத் திரும்பி நடந்தபோது, ஈரமாக உணர்ந்தேன். வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தேன். சிவப்பு. பெரிய போக்கு இல்லை. கால் ரூபாய் அகலம் இருக்கும். ஆனால் மாதவிலக்கு நின்று இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்தத் தடவை எந்தக் காரணமும் இல்லாமல் தானாகப் பட்ட ரத்தம். மறுநாளும் பட்டது.

என் சின்னம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. கர்ப்பப்பைப் புற்று. கடைசி மாதங்களில் அவளைப் பின்கட்டில் போட்டுவிட்டார்கள். நாற்றம் தாங்காமல் சொந்தப் பிள்ளைகளே மூக்கைப் பொத்திக்கொண்டு கஞ்சி வைத்துவிட்டு ஓடுவார்கள். நானும் அப்படி ஓடியவள்தான். எனக்கும் அதே என்று முடிவு கட்டிவிட்டேன். டாக்டரிடம் போகும் எண்ணமே வரவில்லை. போனால் இன்னொரு தடவை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்வார்கள், அவ்வளவுதானே.

மல்லிகாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் சங்கிலி அவளுக்கு, வளையல் அவள் மகளுக்கு, ஆலங்காயத்து நிலத்தில் என் பேரில் உள்ளது இன்னாருக்கு என்று. நான் போன பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள் என்று ஒரு வரி எழுதி, அதை மட்டும் அடித்துவிட்டேன். கடிதத்தைத் தபால்காரரிடம் கொடுத்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒரு வெறுமை வந்தது. பள்ளிக் கிணற்றடியில் அன்று வெகுநேரம் நின்றிருந்தேன். அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள் என்று நினைத்ததும் திரும்பி வந்துவிட்டேன்.

நாலாம் நாள் மத்தியானம் வாசலில் மல்லிகா நின்றாள். பஸ் மாறி மாறி வந்து, காட்டுப்பாதையில் ஏறி, வியர்வையில் குளித்திருந்தாள். கையில் என் கடிதம்.

"இன்னாம்மா எழுதி வச்சிருக்க? நீ உசுரோட இருக்கச்சவே பங்கு பிரிக்கிறியா?"

நான் அழுதேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மேகம் என்பதைத் தவிர. மகளிடம் அப்பாவைப் பற்றி அதை எப்படிச் சொல்வது? அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. என் துணிகளை ஒரு கூடையில் அடைத்தாள். "நாளைக்கு காலைல கெளம்பறோம். வேலூருக்கு" என்றாள்.

வேலூரில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் பகுதிக்கு வெளியே நீளமான மர பெஞ்சுகள். சீட்டில் நம்பர் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் நம்பர் வர நாலு மணி நேரம் ஆனது. என்னால் உட்கார முடியாது. மல்லிகா தன் புடவை முந்தானையைச் சுருட்டி எனக்கு அடியில் வைத்தாள். பக்கத்தில் தெலுங்கு பேசும் பெண்கள், பர்தா போட்ட பெண்கள், கர்ப்பிணிகள். எல்லோரும் என்னையே பார்ப்பதாக எனக்குத் தோன்றியது.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். திரையை இழுத்து மூடினார். கதவையும் சாத்தச் சொன்னார். அதற்கே எனக்குக் கண் கலங்கியது. கருவியை வைத்துப் பார்க்க ஆரம்பித்ததும் நான் அலறிவிட்டேன். உடனே எடுத்துவிட்டு, "சிஸ்டர், இருக்கறதுலயே சின்னதைக் கொண்டு வாங்க" என்றார். என் தோளைத் தட்டிக்கொடுத்தார். மெதுவாகப் பார்த்து முடித்துவிட்டு, "என்ன போட்டுக் கழுவுறீங்க?" என்று கேட்டார்.

"படிகாரம்ங்க. சோப்பும்."

"இன்னைக்கோட ரெண்டையும் நிறுத்துங்க. வெறும் தண்ணி போதும்." கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "பார்த்தா இந்த வயசுல வர்ற வறட்சி மாதிரிதான் தெரியுது. ஆனா மாதவிலக்கு நின்னு இத்தனை நாள் கழிச்சு ரத்தம் பட்டா, கர்ப்பப்பையைச் சோதிக்காம நான் எதுவும் உறுதியாச் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் தங்கணும்."

முதல் பாதி என் காதில் விழவேயில்லை. உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றது மட்டும்தான் விழுந்தது.

மல்லிகாவை வெளியே அனுப்பிவிட்டு, "மேகத்துக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்கம்மா" என்று கெஞ்சினேன். டாக்டரம்மா ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. சீட்டில் அந்தப் பரிசோதனையையும் எழுதினார்.

மூன்றாம் நாள் மயக்க ஊசி போட்டுக் கர்ப்பப்பையின் உள்தோலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்தார்கள். கர்ப்பவாயிலிருந்து ஒரு துணுக்குச் சதையும் எடுத்தார்கள். இவற்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் புற்று இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். முடிவு வர ஐந்தாறு நாள் ஆகும் என்றார்கள். வேதனையைவிட அந்த ஐந்தாறு நாள்தான் பெரிதாக இருந்தது. வார்டு வாசலில் டாக்டர்கள் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று நினைப்பேன். நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தால் பரிதாபத்தில் சிரிக்கிறாள். சிரிக்காவிட்டால் விஷயம் தெரிந்துவிட்டது.

தினமும் காலை ஏழு மணிக்கெல்லாம் மல்லிகா சுடச்சுட இட்லியும் பிளாஸ்க்கில் காப்பியும் கொண்டுவந்துவிடுவாள். கணியம்பாடியிலிருந்து இவ்வளவு சீக்கிரம் எப்படி வருகிறாள் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் நிலையில் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் பச்சையம்மா என்று ஒருத்தி. எங்கள் மலைக்காரிதான், நெல்லிவாசலுக்கு அந்தப்புறம் சாமை விதைக்கும் குடும்பம். அறுபதுக்கு மேல் வயது. நான் டீச்சர் என்று தெரிந்ததும் ஊர்க்கதையெல்லாம் சொன்னாள். அவளுக்கும் ரத்தப்போக்கு.

"நின்னு பத்து வருஷம் களிச்சி மறுபடி வந்துச்சி டீச்சர். ஊருல எல்லாம் சிரிச்சாங்க, கெழவி கொமரி ஆயிட்டான்னு. நானுந்தான் சிரிச்சேன். ரெண்டு வருஷம் சிரிச்சினே இருந்துட்டேன்."

"வலிக்கலியா?"

"வலி இல்ல. அதானே. வலிச்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பன்."

எங்கள் இருவருக்கும் முடிவு ஒரே நாளில் வந்தது. முதலில் அவளுடைய மகனைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவன் திரும்பி வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு என்னை டாக்டரம்மா தன் அறைக்கு வரச் சொன்னார். அந்த நடைபாதையைச் சுவரைப் பிடித்துக்கொண்டு கடந்தேன்.

"புற்று இல்லை" என்றார், நான் உட்காருவதற்கு முன்பே. "கர்ப்பப்பையிலும் இல்லை, கர்ப்பவாயிலும் இல்லை. மேகமும் இல்லை. இருந்து, அந்த ஊசிக்குக் கேட்டிருந்தா, உங்க எரிச்சல் அன்னைக்கே போயிருக்கணும் இல்லையா?"

அவர் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்று ஒரு சுரப்பு ஊறுகிறது. மாதவிலக்கை நடத்துவது மட்டும் அதன் வேலை இல்லை. பிறப்புறுப்பின் உள்தோலைத் தடிமனாகவும் ஈரமாகவும் வைத்திருப்பதும் அதுதான். மாதவிலக்கு நின்றபின் சுரப்பு குறைந்துபோகிறது. தோல் மெலிந்து, வறண்டு, உரசினாலே கிழிகிறது, ரத்தம் கசிகிறது. சிறுநீர்த் துவாரத்துக்கும் அதே கதி. அதனால்தான் ஓயாத கடுப்பு. நான் போட்ட படிகாரமும் சோப்பும் மிச்சமிருந்த ஈரத்தையும் உறிஞ்சிவிட்டன.

"நிறைய பெண்களுக்கு வருது. வெளியே சொல்றவங்கதான் கொஞ்சம்" என்றார். "இது யாரும் யாருக்கும் கொடுக்கற நோய் இல்லை."

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏழு மாதத்துக்கு முன் என் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு நான் பேசியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

வார்டுக்குத் திரும்பியதும் பச்சையம்மா கேட்டாள். "உனுக்கு இன்னா சொன்னாங்க?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இல்லியா? நல்லது. எனுக்குக் கரண்டு வைக்கணும்னு சொல்றாங்க." புற்றுக்குக் கதிர் வைப்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். "ஒருத்தியாவது வூடு போய்ச் சேரு" என்றாள்.

மறுநாள் மல்லிகாவிடம், உன் அப்பாவுக்குச் சொல்லியனுப்பு என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எதுக்குச் சொல்லியனுப்பணும்? நைனா மொத நாள்லர்ந்து இங்கதான் கீறாரு. ஆஸ்பத்திரி கேட்டாண்ட. நீ பாத்தா கோவப்படுவேன்னு உள்ள வரல. காலைல இட்லி வாங்கிக் குடுக்கறதே அவருதான்."

டாக்டரம்மாவே அவரை உள்ளே கூப்பிட்டார். எட்டு நாள் தாடியோடு, கசங்கிய சட்டையோடு வந்து கதவோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. டாக்டரம்மா என்னிடம் சொன்னதையெல்லாம் அவரிடமும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். படத்தையும் காட்டினார். உங்களுக்கு எந்த நோயும் இல்லை, உங்களால் உங்கள் மனைவிக்கு எதுவும் வரவில்லை என்றார்.

"அப்ப நான் போட்டுக்கின ஊசி?"

"தேவையே இல்லாத ஊசி."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்துத் துண்டை எடுத்துவிட்டு, "இத ஒரு காயிதத்துல எழுதிக் குடுப்பீங்களாம்மா?" என்று கேட்டார்.

"யாருக்குக் காட்டணும்? அந்த டாக்டருக்கா?"

"இல்லம்மா. இவளுக்குத்தான். நாளைக்கு வேற யாராச்சும் படிச்சவங்க வேற மாதிரி சொன்னா, இவ எடுத்துப் படிக்கட்டும்."

டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் அங்கேயே, டாக்டரம்மா முன்னாலேயே, அவர் காலில் விழப் போனேன். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

வாணியம்பாடி பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். ஆம்பூர் தாண்டியபின் கேட்டேன்.

"தப்பு பண்ணாதவரு ஏங்க ஊசி போட்டுக்கினீங்க?"

"ரெண்டு பேரும் போட்டாதான் உனுக்கு நிக்கும்னு அந்தாளு சொன்னான் இல்ல? நான் மாட்டேன்னா உனுக்கு வலி நிக்காதேன்னு போட்டுக்கினேன்."

அந்தக் கம்பவுண்டர் ஊர் முழுவதும் சொல்லியிருக்கிறான். சந்தையில் இவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். இரண்டு சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டாராம். இதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான், அவராகச் சொல்லவில்லை. மலைக்கு வந்தார். ஆனால் பல மாதம் வரைக்கும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பு கொடுத்திருந்தார்கள். அதோடு வந்த குழலில் அளவாக எடுத்து, படுக்கும்முன் உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்தில் இரண்டு நாள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். மறுபடி ரத்தம் பட்டால், எவ்வளவு கொஞ்சமானாலும், உடனே வர வேண்டும் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேன் என்று அழுதேன். மூன்றாம் வாரம் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாடம் முழுவதும் நடத்தினேன். இரண்டாம் மாதம் நீர்க்கடுப்பு போயிற்று. தாம்பத்தியத்துக்கு அவசரம் வேண்டாம், வலித்தால் நிறுத்திவிடுங்கள், தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா எங்கள் இருவரிடமும் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அதற்கு வெகு காலம் ஆயிற்று. உடம்பு ஆறிய வேகத்தில் மனம் ஆறவில்லை.

பச்சையம்மா கரண்டு வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினாள். அடுத்த சாமை அறுப்பு வரைக்கும் இருந்தாள். துக்கம் கேட்க அவள் வீட்டுக்குப் போய் வந்த அன்றுதான், பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மார்களிடம் இதைப் பேச ஆரம்பித்தேன். நின்றபின் எரிந்தாலும் பேசுங்கள், வலித்தாலும் பேசுங்கள், ரத்தம் பட்டால் வலிக்காவிட்டாலும் ஓடுங்கள் என்று.

ஐப்பசி மழையில் களிம்பு தீர்ந்துபோனது. பாதை வழுக்கும், நான் இறங்க முடியாது. சீட்டை அவரிடம் கொடுக்கக் கூச்சப்பட்டு இரண்டு நாள் வைத்திருந்தேன். அவரே பார்த்து எடுத்துக்கொண்டு போனார். ஆலங்காயத்தில் கிடைக்கவில்லை. வாணியம்பாடிக்குப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்.

"கடையில கும்பலா?" என்று கேட்டேன்.

"மண்டி ஆளுங்க நாலஞ்சி பேரு நின்னுனு இருந்தாங்க. தெரிஞ்சவங்கதான். கடக்காரன் சீட்ட வாங்கிப் பாத்துட்டு, இது யாருக்குன்னு கேட்டான்."

"இன்னா சொன்னீங்க?"

"எம் பொஞ்சாதிக்குன்னேன். நின்னுபோனா உள்ள வறண்டு வலிக்கும், அதுக்கு மருந்து இதுன்னேன்."

"அவங்க எல்லாரும் இருக்கச்சயா?"

"ஆமா. இருக்கச்சதான்" என்றார். "ஒருத்தன் தனியா இட்டுனு போயி, எவ்ளோ நாள்ல கேக்கும்னு விசாரிச்சான்."

சட்டைக்குள்ளிருந்து நனையாமல் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். பிரித்தேன். இரண்டு டியூப் இருந்தது, மழை ஓயும்வரைக்கும் போதும். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள், சேற்றுக் காலைக் கழுவிக்கொள்ளப் பின்பக்கம் போய்விட்டார்.